அடுத்த பட்டத்துக்கு எந்தத் தக்காளியை மறுபடி போடுவது?

மாடிமல்லி (பெரம்பூர்), ஜூன் 14, இரவு 9:20

எல்லாருக்கும் வணக்கம். அக்னி நட்சத்திரம் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது, மாடியில் தக்காளிப் பைகள் எல்லாம் காலி. ஆடி பிறந்துவிட்டால் என் கை சும்மா இருக்காது, எதையாவது விதைத்துவிடுவேன். அதற்கு முன்னால் உங்களிடம் கேட்டு ஒரு முடிவுக்கு வரலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என்னிடம் 15 அங்குலப் பை 14 இருக்கிறது. அதற்கு மேல் வைக்க இடமில்லை. போன பட்டத்தில் ஐந்து ரகம் போட்டேன். அக்டோபர் 18 அன்று குழித்தட்டில் நாற்று விட்டு, நவம்பர் 16 அன்று பைக்கு மாற்றினேன். சரியாக இரண்டு வாரத்தில் ஃபெஞ்சல் புயல். நவம்பர் 30 அன்று விடாமல் அடித்த மழையில், படிக்கட்டு முகப்புக்குள் இழுத்து வைத்த பைகள் தப்பின. வெளியில் நின்ற மூன்றில் மண் கூழாகிவிட்டது. அவற்றில் மட்டும் மிச்ச நாற்றை மறுபடி நட்டேன்.

பறிக்கும்போதெல்லாம் எடை போட்டு நோட்டில் எழுதி வைத்தேன். பி.கே.எம் 1 நான்கு பையில் 6 கிலோ 900 கிராம். அர்க்கா ரக்ஷக் மூன்றே பையில் 8 கிலோ 400. சிவம் இரண்டு பையில் 4 கிலோ 100. செர்ரி மூன்று பையில் 5 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பிளாக் கிரிம் என்று ஒரு கருஞ்சிவப்புத் தக்காளியின் விதையை ஆசைப்பட்டு இணையத்தில் வாங்கியிருந்தேன். இரண்டு பையில் மொத்தம் ஐந்து பழம்.

நோட்டைப் பார்த்தால் ரக்ஷக்கைத்தான் எல்லாப் பையிலும் போட வேண்டும். ஆனால் வீட்டில் வேறு கதை. என் மாமியார் ரசத்துக்குத் தக்காளியைக் கையால்தான் பிசைவார். ஒருநாள் ரக்ஷக் பழத்தைக் கொடுத்தேன். பிசைந்து பார்த்துவிட்டு, தோலை இரண்டு விரலால் எடுத்துக் காட்டினார். சதை தனி, தோல் தனி, சாறு அரை கரண்டிகூட இல்லை. "இது சாம்பாருக்கு ஆகும்மா, ரசத்துக்கு அந்தச் சப்பைத் தக்காளியைக் கொண்டா" என்றார். சப்பை என்று அவர் சொன்னது பி.கே.எம். அது கொஞ்சம் தட்டையாக, காம்புப் பக்கம் பச்சை மாறாமல் இருக்கும். கையில் எடுத்து அமுக்கினாலே சாறு மணிக்கட்டு வரை வழியும், புளிப்பும் நன்றாக இருக்கும். அந்த ரசத்துக்குப் புளி பாதி போதும்.

எடையைப் பார்ப்பதா, ருசியைப் பார்ப்பதா? நீங்கள் எப்படித் தேர்வு செய்கிறீர்கள்?

கீரைப்பாத்தி (மடிப்பாக்கம்), ஜூன் 14, இரவு 10:05

அக்கா, என் ஓட்டு ரக்ஷக்குக்குத்தான். இலைச்சுருட்டு வந்து ஒரு பட்டமே போனவள் நான். அந்த வேதனை பட்டால்தான் தெரியும். குருத்து மேல்நோக்கிக் கிண்ணம் மாதிரி சுருண்டு, ஓரம் மஞ்சளாகி, செடி ஒரு முழத்தோடு நின்றுவிடும். வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ் அது. வந்த பிறகு எந்த மருந்தும் கேட்காது. வேப்பெண்ணெய், மஞ்சள் ஒட்டும் அட்டை எல்லாம் ஈயைக் குறைக்கத்தான், வந்த நோயைப் போக்காது. பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கிற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன் இலைக்கருகல் மூன்றையும் தாங்குகிற மாதிரிதான் ரக்ஷக்கை உருவாக்கியது. என் தெருவில் மாடிக்கு மாடி கத்தரியும் வெண்டையும் இருக்கிறது, வெள்ளை ஈக்குப் பஞ்சமே இல்லை. எனக்கு வேறு வழி கிடையாது.

தூதுவளை (அடையாறு), ஜூன் 14, இரவு 11:31

பிளாக் கிரிமைக் கைவிட்டுவிடாதீர்கள் அக்கா! ஐந்து பழம் என்றாலும் ருசி எப்படி இருந்தது, சொல்லவே இல்லையே?

மாடிமல்லி (பெரம்பூர்), ஜூன் 15, காலை 6:40

தம்பி, உண்மையைச் சொல்கிறேன், அந்த ஐந்து பழமும் அற்புதம். ஒன்றை நறுக்கி, உப்பு மட்டும் தூவி நான்கு பேர் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். உள்ளே கருஞ்சிவப்பும் பச்சையும் கலந்து கிடந்தது. இனிப்போடு லேசாக ஒரு புகை வாசம். ஆனால் மார்ச் முழுக்கப் பூத்துப் பூத்து உதிர்ந்தது. தினமும் காலையில் பை மண்ணின் மேல் மஞ்சள் பூக்களைப் பார்ப்பேன். காம்பு முட்டியில் மஞ்சளாகி, தொட்டாலே விழும். போரான் குறைவோ என்று நினைத்தேன், தண்ணீர் அதிகமோ என்று குறைத்துப் பார்த்தேன், பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளித்தேன். எதற்கும் நிற்கவில்லை.

பழைய மண்வெட்டி (ஆவடி), ஜூன் 15, காலை 8:15

அம்மா, உங்கள் பூ உதிர்ந்ததற்குப் போரானும் காரணமில்லை, தண்ணீரும் காரணமில்லை. ராத்திரிச் சூடுதான்.

தக்காளிக்குப் பகல் வெயிலைவிட இரவின் வெப்பம்தான் கணக்கு. இரவில் 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால் பிஞ்சு நன்றாகப் பிடிக்கும். 24 டிகிரியைத் தாண்டிவிட்டால் மகரந்தம் கெட்டுப்போகும், பூ காயாகாமல் உதிரும். நம் சென்னையில் ஜனவரியில்தான் ராத்திரி வெப்பம் 21 அளவுக்கு இறங்குகிறது. மே மாதம் ராத்திரியே 28. அதாவது சென்னையில் தக்காளி பிஞ்சு பிடிக்க நமக்குக் கிடைப்பது மார்கழி, தை, மாசி மட்டும்தான். ஆங்காங்கே ஒரு வாரம் கூடும், குறையும்.

அதனால் ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்பது எடையையும் அல்ல, ருசியையும் அல்ல. அந்த மூன்று மாதத்துக்குள் இந்தச் செடி எத்தனை கொத்துப் பூக்கும் என்பதுதான் என் கேள்வி. பி.கே.எம், ரக்ஷக் எல்லாம் நட்ட ஒரு மாதத்தில் பூவெடுத்துவிடும். நீங்கள் நவம்பர் நடுவில் நட்டதால் மார்கழி பிறக்கும்போது முதல் பூ வந்திருக்கும், தை முழுக்கக் காய் பிடித்திருக்கும். பிளாக் கிரிம் கிரிமியா தீபகற்பத்திலிருந்து வந்த ரகம். பெரிய பழம், உயர்ந்து கொண்டே போகிற கொடி, நிதானமாகத்தான் காய்க்கும். அது நன்றாகப் பூக்கத் தொடங்கும்போது நம் ஊரில் மாசி முடிந்து புழுக்கம் வந்துவிடுகிறது. செடியைக் குறை சொல்ல முடியாது.

நான் முப்பது வருஷம் விதை, உரம் சம்பந்தப்பட்ட வேலையில் இருந்தவன், அதனால் நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி.கே.எம் 1 பற்றியும் ஒரு வார்த்தை. நிறைய பேர் அதை நாட்டுத் தக்காளி என்று நினைக்கிறார்கள். ஒரு வகையில் சரிதான். தேனிப் பக்கம் அன்னஞ்சி என்று ஒரு உள்ளூர்த் தக்காளி உண்டு. அதன் விதையில் செயற்கையாகத் திடீர்மாற்றம் உண்டாக்கி, அதிலிருந்து பொறுக்கி எடுத்ததுதான் பி.கே.எம் 1. பெரியகுளத்திலிருந்து 1978ல் வெளியிட்டார்கள். பெரியகுளம் என்பதால்தான் பி.கே.எம். லாரியில் தூரம் போனாலும் நசுங்காது என்று வியாபாரிகளுக்கும் பிடித்துப்போனது. உங்கள் மாமியார் தேடுவது அந்த அன்னஞ்சிப் புளிப்பைத்தான்.

கீரைப்பாத்தி (மடிப்பாக்கம்), ஜூன் 15, காலை 9:02

சார், இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. நான் ஆடிப்பட்டம் தேடி விதைத்து மூன்று வருஷம் ஏமாந்திருக்கிறேன். ஜூலையில் விதைத்தால் செப்டம்பரில் பூக்கிறது, பாதி உதிர்ந்துவிடும். மிச்சம் பிடித்த காய் பழுக்கும்போது அக்டோபர் மழை வந்து வெடித்துப்போகும்.

பழைய மண்வெட்டி (ஆவடி), ஜூன் 15, காலை 9:30

அதேதான் அம்மா. ஆடிப்பட்டம் பொய்யில்லை, ஆனால் நம் கடற்கரையில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. ஆடியில் வெண்டை, கொத்தவரை, அவரை போடுங்கள். தக்காளி நாற்றைப் புரட்டாசி கடைசியிலோ ஐப்பசி முதல் வாரத்திலோ விடுங்கள். குழித்தட்டைக் கூரைக்குக் கீழ் வைத்து மழையிலிருந்து காப்பாற்றுவது சுலபம். 14 பையைக் காப்பாற்றுவது கஷ்டம்.

வடசென்னை வேர் (திருவொற்றியூர்), ஜூன் 15, மதியம் 1:12

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எங்கள் மாடி கடலுக்கு அருகில். செர்ரி மட்டும் ஏப்ரல் கடைசி வரை காய்த்தது, மே முதல் வாரத்தில்கூட ஒரு கைப்பிடி பறித்தேன். பழம் சிறிதாக இருக்கிற வகைகள் சூட்டில் ஓரளவு பிஞ்சு பிடிக்கின்றன. பங்குனிக்கு மேலும் ஏதாவது பறிக்க ஆசைப்படுகிறவர்கள் செர்ரியை விடக்கூடாது. ஐம்பது சதவீத நிழல்வலை கட்டினால் இன்னும் நல்லது.

இன்னொன்று. காலை எட்டு, ஒன்பது மணிக்குப் பூங்கொத்தை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். தக்காளிப் பூவில் மகரந்தம் மிளகுப்பொடி டப்பாவுக்குள் இருக்கிற மாதிரி குழலுக்குள் அடைந்திருக்கும், அதிர்ந்தால்தான் கொட்டும். வயலில் காற்று அந்த வேலையைச் செய்யும். நீலப்பட்டைத் தேனீ வந்தால் பூவைக் கட்டிப்பிடித்து ரீங்காரமிட்டே உலுக்கிவிடும். நாலாபக்கமும் அடுக்குமாடி மறைக்கிற மொட்டைமாடிக்குக் காற்றும் குறைவு, தேனீயும் குறைவு. நான் பழைய மின்சாரப் பல்துலக்கியைக் காம்பின் மேல் ஒரு நொடி வைத்து எடுப்பேன். வெயில் படும் பக்கத்திலிருந்து பார்த்தால் மஞ்சள் தூசி பறப்பது தெரியும். இதைச் செய்த கொத்துக்கும் செய்யாத கொத்துக்கும் வித்தியாசம் கண்கூடு.

தூதுவளை (அடையாறு), ஜூன் 15, மதியம் 2:48

நான் பிளாக் கிரிமை விடமாட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் சார். ஒரே ஒரு பை. செப்டம்பர் நடுவிலேயே நாற்று விட்டு, மழை முழுவதும் பால்கனியில் வைத்து, பெரிய செடியாக மார்கழிக்குக் கொண்டு போகப்போகிறேன். பத்துப் பழம் கிடைத்தால் எனக்குப் போதும்.

பழைய மண்வெட்டி (ஆவடி), ஜூன் 15, மாலை 5:20

நல்ல யோசனை தம்பி. மன்னிப்பெல்லாம் எதற்கு? முதல் பூ வந்த தேதியைக் குறித்து வைத்து இங்கே எழுதுங்கள். நானும் தெரிந்துகொள்கிறேன்.

உப்புத்தண்ணி (வேளச்சேரி), ஜூன் 15, இரவு 8:44

எங்கள் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. அதை வைத்து ஒரு கேள்வி. சிவம் போட்டேன், முதல் இரண்டு கொத்திலும் பழத்தின் அடிப்பக்கம் கருப்பாகத் தோல் மாதிரி அழுந்திவிட்டது. பக்கத்திலேயே இருந்த செர்ரியில் ஒன்றுகூட இல்லை. ரகத்தைப் பொறுத்ததா இது? அப்படியானால் சிவத்தை நிறுத்திவிடலாமா?

வடசென்னை வேர் (திருவொற்றியூர்), ஜூன் 15, இரவு 9:10

அது நுனி அழுகல். நோய் இல்லை, பிஞ்சின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததுதான். பெரிய பழ வகைகளில் அதிகம், செர்ரியில் அபூர்வம். உப்புத் தண்ணீரும் ஒரு காரணம், உப்பு கூடினால் வேர் சுண்ணாம்புச் சத்தை இழுப்பது குறையும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் ரொம்ப ஊற்றுவது அதைவிடப் பெரிய காரணம். முட்டை ஓடு போட்டேன், கேட்கவில்லை என்று பலர் சொல்கிறார்கள். ஓடு கரைய மாதக்கணக்கில் ஆகும், இந்தப் பட்டத்துக்கு உதவாது. மெட்ரோ தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ இருந்தால் பூக்கிற மாதத்தில் மட்டுமாவது அதை ஊற்றுங்கள். மண்ணின் மேல் காய்ந்த இலையை மூன்று விரல் கனத்துக்குப் பரப்பி விடுங்கள். அதன் பிறகும் வந்தால் ரகத்தை மாற்றலாம்.

மாடிமல்லி (பெரம்பூர்), ஜூன் 16, காலை 7:05

ராத்திரி உட்கார்ந்து நோட்டைத் தேதி வாரியாக மறுபடி படித்தேன். ஆவடி சார் சொன்னது அச்சு அசலாக இருக்கிறது. என் 6 கிலோ 900 பி.கே.எம்மில் 5 கிலோவுக்கு மேல் ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி முடிவதற்குள் வந்துவிட்டது. ரக்ஷக் மார்ச் கடைசி வரை கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. மொத்த எடையை மட்டும் பார்த்தபோது இது கண்ணிலேயே படவில்லை.

மழைக்குப் பிறகு திரும்ப நட்ட மூன்று பையும் பி.கே.எம்தான் என்பதையும் நான் மறந்தே போயிருந்தேன். பாவம், அதற்கு மூன்று வாரம் குறைவாகத்தான் கிடைத்திருக்கிறது. அந்த மூன்றில் ஒன்று பிப்ரவரியில் ஒரே நாளில் தலை தொங்கி வாடியது. இலை பச்சையாகவே இருந்தது. தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லை. அந்தப் பை மண்ணை மறுபடி பயன்படுத்தலாமா?

கீரைப்பாத்தி (மடிப்பாக்கம்), ஜூன் 16, காலை 7:50

அக்கா, வேண்டாம்! இலை பழுக்காமல் பச்சையாகவே வாடினால் பாக்டீரியா வாடலாக இருக்கும். எனக்கும் போன வருஷம் இப்படித்தான். அப்போது ஒருவர் சொல்லிக் கொடுத்த சோதனையைச் செய்தேன். அடித்தண்டை விரல் நீளம் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, தண்டின் வெட்டிய நுனி மட்டும் தண்ணீரில் படுகிற மாதிரி பிடித்தேன். இரண்டு மூன்று நிமிஷத்தில் நுனியிலிருந்து வெள்ளை நூல் ஒன்று நேராகக் கீழே இறங்கியது. ஊதுவத்திப் புகையைத் தலைகீழாகப் பார்த்த மாதிரி. பிறகு டம்ளர் முழுக்கப் பால் கலந்தது போல் ஆனது. அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை.

அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் வைக்காதீர்கள், எல்லாம் ஒரே குடும்பம். கீரை போடுங்கள். தண்டு வெட்டிய கத்தரிக்கோலைக் கழுவாமல் அடுத்த செடிக்குக் கொண்டு போகாதீர்கள்.

பழைய மண்வெட்டி (ஆவடி), ஜூன் 16, காலை 9:25

சரியாகச் சொன்னார். மற்ற 13 பை மண்ணையும் இந்த வெயிலிலேயே சுத்தம் செய்துகொள்ளுங்கள். மண்ணைக் கொட்டி நன்றாக நனைத்து, கருப்பு வேண்டாம், ஒளி ஊடுருவுகிற பாலிதீன் தாளால் காற்று புகாமல் மூடி நான்கு வாரம் விடுங்கள். மே மாதம் இதற்கு இன்னும் நல்லது, இப்போதும் வெயில் போதும்.

விதைக்கு வருகிறேன். ரக்ஷக்கும் சிவமும் வீரிய ஒட்டு. அந்தப் பழத்தின் விதையை எடுத்துப் போட்டால் தாய்ச்செடி மாதிரி வராது, சிதறிப்போகும். ஒவ்வொரு பட்டத்துக்கும் வாங்க வேண்டும். பி.கே.எம் அப்படியில்லை. தக்காளி பெரும்பாலும் தன் பூவிலேயே மகரந்தம் சேர்கிற செடி, விதை எடுத்தால் அதே ரகம் வரும். அம்மா, பி.கே.எம் விதை எடுத்து வைத்திருக்கிறீர்களா? எந்தப் பழத்திலிருந்து எடுத்தீர்கள்?

மாடிமல்லி (பெரம்பூர்), ஜூன் 16, காலை 11:00

எடுத்தேன் சார். மழையில் தப்பிய ஒரே பி.கே.எம் செடி, படிக்கட்டு முகப்பில் இருந்தது. அதில் இலைச்சுருட்டும் வரவில்லை. அதன் இரண்டாவது கொத்துப் பழத்தைச் செடியிலேயே நன்றாகக் கனியவிட்டு, விதையைப் பிழிந்து கண்ணாடிக் குவளையில் இரண்டு நாள் புளிக்க வைத்தேன். மேலே வெள்ளை ஆடை படிந்தது. அலசியதும் கொழகொழப்பு போய் அடியில் விதை தங்கியது. அடுப்புச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தினேன். மாமியார் சொல்லிக் கொடுத்த முறை.

பழைய மண்வெட்டி (ஆவடி), ஜூன் 16, மதியம் 12:10

அருமை. பலர் தட்டில் இருப்பதிலேயே பெரிய பழத்தைப் பார்த்து விதை எடுப்பார்கள். பழத்தைப் பார்க்கக்கூடாது, செடியைப் பார்க்க வேண்டும். உங்கள் மாடிக் காற்றையும் மழையையும் தாங்கிய செடி அது. ஐந்தாறு வருஷம் இப்படியே பொறுக்கி எடுத்தால், பெரம்பூர் மாடிக்குப் பழகிய பி.கே.எம் என்றே சொல்லலாம்.

உப்புத்தண்ணி (வேளச்சேரி), ஜூன் 16, இரவு 7:30

விதையைப் பற்றி எனக்கும் ஒரு வருத்தம். இரண்டு வருஷம் முன்பு சாலையோர நாற்றங்கால் ஒன்றில் பி.கே.எம் நாற்று என்று வாங்கி வந்தேன். காய்த்தபோது நீளமாக, முட்டை வடிவத்தில் வந்தது. நான்கு மாதம் வளர்த்த பிறகுதான் தெரிகிறது. அன்றிலிருந்து நாற்று வாங்குவதையே விட்டுவிட்டேன். சொந்தமாக விதை வைத்திருப்பவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதே, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குக் கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா? அந்த வரிசையில் நின்ற அன்றுதான் மாடியில் தக்காளி வைக்க முடிவு செய்தேன்.

மாடிமல்லி (பெரம்பூர்), ஜூன் 17, இரவு 9:15

எல்லாருக்கும் நன்றி. மாமியாரையும் உட்கார வைத்து முடிவு செய்துவிட்டோம்.

பி.கே.எம் ஆறு பை, எல்லாம் சொந்த விதை. தை, மாசி ரசத்துக்கும் தொக்குக்கும் இதுதான். தொக்கு கிண்டி வைத்துவிட்டால் பங்குனி வரை வரும். ரக்ஷக் நான்கு பை, மார்ச் மாதச் சமையலுக்கு. செர்ரி இரண்டு, நிழல்வலைக்குக் கீழே. சிவம் என் மாடியில் ரக்ஷக் செய்கிற வேலையையேதான் செய்தது, அதைவிடக் குறைவாக. அதனால் இந்த முறை இல்லை. ஒரு பையில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 3, மருதம் என்று சொல்வார்களே, அதை முதல்முறையாகப் போட்டுப் பார்க்கிறேன். செடி குட்டையாகக் கச்சிதமாக இருக்குமாம், புயல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓட வசதி. வாடல் வந்த பையில் அரைக்கீரை.

பிளாக் கிரிமை விடுவதற்கு மனசே வரவில்லை. என்னிடம் மிச்சம் இருக்கிற பதினோரு விதையையும் தூதுவளைத் தம்பிக்குக் கொடுத்துவிடுகிறேன். வேளச்சேரிக்கு ஒரு பொட்டலம் பி.கே.எம். ஞாயிறு காலை நான் செம்மொழிப் பூங்கா பக்கம் வருகிறேன், இரண்டு பேரும் அங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம்.

உப்புத்தண்ணி (வேளச்சேரி), ஜூன் 17, இரவு 9:22

கட்டாயம் வருகிறேன் அம்மா. ஐப்பசி வரை விதையை எங்கே வைப்பது? குளிர்பெட்டியிலா?

மாடிமல்லி (பெரம்பூர்), ஜூன் 17, இரவு 9:40

சாம்பலோடு காகிதத்தில் மடித்து, மூடி இறுகின டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உள்ளே ஈரம் போகக்கூடாது, அவ்வளவுதான். பொட்டலத்தின் மேல் ரகமும் தேதியும் எழுதியே தருகிறேன்.